முதலில் விழ வேண்டிய பிரேக்கர்

மின்சாரத்தில் பழுது எந்தக் கிளையில் நேர்கிறதோ அந்தக் கிளையின் பிரேக்கர்தான் முதலில் விழுந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அது தவறினால் மட்டுமே அதற்கு மேலுள்ளது விழலாம். மின்வாரியப் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் ஓதிய விதி இது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிளை வாய்க்கால் உடைந்தால் அதன் மதகை அடைப்போமே தவிர, கல்லணையை அடைக்க மாட்டோம்.

ஓய்வுக்குப் பின் ஆலோசனை சொல்ல நான் போய்வந்த பூதலூர்ப் பக்கத்து அரிசி ஆலையில் கல்லணையைத்தான் அடைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கு ஷார்ட் சர்க்யூட் ஆனாலும் மெயின் பிரேக்கர் விழுந்து ஆலையே நின்றுவிடும். கோளாறு எந்த மோட்டாரில் என்று தெரியாது. மெயினை மறுபடி போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

பேனலைத் திறந்தேன். எவ்வளவு மின்னோட்டத்துக்கு விழ வேண்டும் என்று குறிக்கும் கிளை பிரேக்கர்களின் டயல்கள் எல்லாம் உச்ச அளவு வரை திருகப்பட்டிருந்தன. ஃபோர்மேனின் கைவண்ணம்.

"மடையை நல்லாத் தூக்கிவிட்டாத்தானே சார், தண்ணி தடையில்லாமப் போவும்?" என்றார்.

மின்சாரத்துக்கும் அவர் பாசனம்தான் செய்துவந்தார். கிளை பிரேக்கர் அசையாமல் பொறுத்துக்கொள்ள, மெயின் முந்திக்கொண்டது.

பேனலுக்கு வாரண்டி இருந்தது. செட்டிங்கை மாற்ற, அதைச் செய்து கொடுத்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஏற்றியவர் யாரையும் கேட்கவில்லை. இறக்குவதற்கு நான் முறைப்படி எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. சுற்று ஊர்களின் ஈரக் குறுவை நெல் முழுவதும் ஆலையின் ட்ரையரில் கிடந்தது. காயவைத்துத் தருவதாகச் சொல்லி வாங்கியிருந்தார் ஆலையின் உரிமையாளர் அம்மாள். மெயின் போடப் போட விழுந்தது, ட்ரையரின் காற்றாடி நின்றது. நெல்லுக்குள் கையை விட்டால் வெக்கை அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் பழுப்பேறி, முளைவிட்டு, மாட்டுக்குக்கூட ஆகாது.

ஒப்புதல் வரவில்லையே என்று இழுத்தேன்.

"பதில் வர்ற வரைக்கும் முளைக்காதேன்னு நெல்லுகிட்டச் சொல்லிப் பாருங்க சார். உங்க பேச்சைக் கேட்டாலும் கேக்கும்" என்றார் அம்மாள்.

விதிகளைக் கரைத்துக் குடித்தவனுக்கு விதிக்குள்ளேயே வழி தெரியும். நிறுவனமே பேனலை ஒப்படைத்தபோது குறித்துக் கொடுத்த அளவுக்கே டயல்களைத் திருப்பினால் அது மாற்றம் ஆகாது, மீட்பு. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு டயலாக இறக்கினேன். ஆலை ஓடத் தொடங்கியது.

சற்று நேரத்தில் டப்பென்று ஒரு சத்தம். ஃபோர்மேன் மெயினைப் பார்த்தார். அது நின்ற இடத்தில் நின்றது. விளக்குகள் எரிந்தன, காற்றாடி சுற்றியது. நெல்லை மேலே தூக்கும் எலிவேட்டரின் பிரேக்கர் ஒன்று மட்டும் விழுந்திருந்தது.

"இது மட்டுமா சார் விழுந்துச்சு?"

"விழத்தாங்க அதை வாங்கியிருக்கு."

எலிவேட்டரின் கேபிளை மட்டும் தேடினால் போதும் என்றானது. எலி கடித்த இடம் ஈரத்தோடு அகப்பட்டது. அதை மாற்றும் வரை ஆட்கள் கூடையில் நெல் சுமந்தார்கள். காற்றாடி ஒரு கணமும் நிற்கவில்லை. ஒரு மூட்டைகூடக் கெடவில்லை. எத்தனையோ துணைமின் நிலையங்களைப் பார்த்தவன் நான். அந்த ஒற்றை பிரேக்கர் விழுந்த சத்தத்துக்கு நிகராக எதையும் கேட்டதில்லை.

நிறுவனத்தின் பதிலும் வந்தது. எனது கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவு தெரியும் வரை ட்ரையரை இயக்க வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். அது வந்து சேர்ந்தது, அந்த நெல் அரிசியாகி, பொங்கலாகி, ஊரே உண்டு செரித்த மறுநாள்: தை இரண்டாம் தேதி.