ஒத்திகை ஜனாதிபதி

சிப்பாய்கள் சல்யூட் அடிக்கப் போகிறார்கள் என்றால், எலக்ட்ரீஷியன் இடுப்பில் செருகியிருக்கும் டெஸ்டரை முதுகுப்பக்கம் தள்ளிக்கொள்வார். பிறகு தாடையைக் கொஞ்சம் தூக்கித் தூரத்தில் எதையோ பார்ப்பார். "நாட்டோட தலைவரு தரையப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுங்க" என்பார். மற்ற நாட்களில் அவர் கண் ஃபியூஸ் கட்டையில்தான் இருக்கும்.

ஜனாதிபதி மாளிகையில் எந்த விழாவானாலும் முதலில் ஒத்திகை உண்டு. மைக் எந்த உயரம், எந்தப் படியில் கால் தடுக்கும் என்றெல்லாம் பார்க்க வேண்டாமா? அதற்காக நிஜ ஜனாதிபதியை வெயிலில் நிறுத்த முடியுமா? அவர் உயரத்துக்கு ஓர் ஆளைத் தேடியபோது, ஸ்டூல் போடாமலே பல்பு மாட்டும் நம்ம எலக்ட்ரீஷியன் அகப்பட்டார். அடுத்தடுத்து வந்தவர்களும் நெடுநெடுவென்றே அமைந்துவிட்டதால், ஜனாதிபதிகள் மாறினார்களே தவிர இவர் மாறவில்லை. ஒத்திகையில் தோட்டக்காரர்தான் பிரதமர். சமையல்காரர் தலைமை நீதிபதி. நீதிபதி பக்கத்தில் போனால் வெங்காய வாடை வரும்.

இவர் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கூத்து. தன் அதிகாரம் என்னென்ன என்று ஒத்திகை அதிகாரியைத் துளைத்தெடுத்துக் கேட்டு வைத்திருக்கிறார். "முப்படையும் நமக்குக் கீழதாங்க. ஆனா நாமளா ஒண்ணும் பண்ண முடியாது, மந்திரிசபை சொல்லணும். பிடிக்கலைன்னா ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். ரெண்டாவது தடவையும் அதையே அனுப்பினாங்கன்னா கையெழுத்துப் போட்டே ஆகணும்." இதைச் சொல்லும்போது முகம் தொங்கிப்போகும். உடனே நிமிர்ந்துவிடும். "ஆனா எத்தனை நாளுக்குள்ள போடணும்னு மட்டும் எங்கயும் எழுதி வைக்கலையாம்!"

தோட்டக்காரர் சும்மா விடுவாரா?

"ஐயா, மந்திரிசபையோட ஆலோசனை. போயி ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க."

"மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்புறேன்."

தோட்டக்காரர் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் மறுபரிசீலனை செய்வார். "பண்ணியாச்சுங்க. டீதான்."

நாட்டின் முதல் குடிமகன் கேன்டீனுக்கு நடப்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஆட்சியில் தேர்தல் வந்து மண்ணைப் போட்டது. டிவியில் புது ஜனாதிபதியைப் பார்த்ததும் மனிதர் கண்ணாலேயே அளவெடுத்தார். புதியவர் இவர் தோளுக்குக்கூட வரமாட்டார். அன்று சோறு இறங்கவில்லை. பல்பு மாட்டும்போது யாரும் இவரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஒத்திகை மேடையில் ஏறினால் பேண்டு வாத்தியமே எழுந்து நிற்கும். அது இல்லாமல் எப்படி இருப்பது என்று இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பதவியேற்பின் முதல் ஒத்திகையில் அதிகாரி இவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்க உயரம் சரிப்படாதே. சமையல்காரரை ஜனாதிபதி ஆக்கிடலாமா?"

"சார், ஒரு நிமிஷம்" என்றார் இவர். முழங்காலை மடக்கினார். ஒத்திகைக்காகப் போட்டிருந்த நீளக் கோட்டு காலை மறைத்துவிட்டது. மைக்குக்கு நேராக வாய் வந்து நின்றது.

"அடடே, அளவெடுத்த மாதிரி இருக்கே!" என்றார் அதிகாரி.

நாற்காலியே இல்லாமல் உட்கார்ந்த அந்த நிலையில் உறுதிமொழி எடுத்தார். அப்படியே நடந்து அணிவகுப்பையும் பார்வையிட்டார். சிப்பாய்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு விறைத்து நின்றார்கள். தேசிய கீதம் முடிவதற்குள் கால் வெடவெடவென்று ஆடியது. "ஐயா, ஆட்சி ஆட்டம் காணுது" என்று காதோரம் கிசுகிசுத்தார் பிரதமர்.

இரண்டு ஒத்திகைக்குள் முட்டி பன் மாதிரி வீங்கிவிட்டது. இவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில்தான் வேலை. மறுநாளே எலும்பு டாக்டருக்கு ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டு வந்து நீட்டினார்.

இவருக்கா விஷயம் புரியாது? டாக்டர் பார்த்தால் முழங்காலை மடக்காதே என்பார். மடக்காவிட்டால் சமையல்காரர் ஜனாதிபதி. "மறுபரிசீலனை பண்ணும்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எதை? உங்க முட்டியையா?" என்றார் மனைவி. ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

நேற்று கடைசி ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்தார். வாசல் நிலை கொஞ்சம் தாழ்வு. எப்போதும் குனிந்துதான் நுழைவார். நேற்று குனியவில்லை. தலைக்கு மேல் தாராளமாக இடம் இருந்தது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னங்க, காலை நீட்டி நில்லுங்க."

"நீட்ட வரலம்மா."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமும் வந்தது. "போதும் உங்க நாடும் நீங்களும்! அவரு பதவியில இருக்கப்போற அஞ்சு வருஷமும் இப்படியேவா நிப்பீங்க? நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். ஆமா, மறுபரிசீலனையும் பண்ணியாச்சு!" அதே டாக்டர், புதுச் சீட்டு. மூக்குக்கு நேரே நீட்டினார்.

இரண்டாவது தடவை. திருப்பி அனுப்ப வழியில்லை என்று அவருக்குத் தெரியும். சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். எத்தனை நாளுக்குள் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என முன்னும் பின்னும் மரியாதையாகப் பார்த்தார். எழுதவில்லை. பிறகு நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.