கேட்டுக்காரரின் கடைசிப் பாறை

என் அண்ணன் இரும்பு கேட் செய்கிற வெல்டர். கல்குவாரியில் வருடா வருடம் நடக்கும் பைக் போட்டியில் எல்லோரும் அவனைக் ‘கேட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதி வீட்டுக்கு அவன் செய்த கேட். எங்கள் வாசலில் மட்டும் கயிறு கட்டிய தகரம். கேட்டால், “நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?” என்பான். ஒன்று இருந்தது. அவனுடைய ட்ரையல்ஸ் பைக்.

அதைப் பார்க்கிறவர்கள் முதலில் சீட் எங்கே என்பார்கள். சீட் கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்ட வேண்டும். போட்டியில் வேகத்துக்கு மரியாதையே இல்லை. பாறை, பள்ளம், மரக்கட்டை என்று குறித்துவிட்ட பாதையில் கால் தரையில் படாமல் போக வேண்டும். பட்டால் தண்டப் புள்ளி.

பதினோரு வருடமாகக் கல்குவாரிப் போட்டிக்கு அண்ணன் போகிறான். கோப்பையெல்லாம் அவனுக்கு வேண்டாம். கடைசியில் நிற்கும் ஆளுயரப் பாறையைக் கால் ஊன்றாமல் ஒரே ஒரு தடவை ஏற வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வருடமும் உச்சிக்கு ஒரு சாண் கீழே ஊன்றிவிடுவான். இந்த வருடம் வலது முட்டியில் சவ்வு தேய்ந்து, டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். அதற்கப்புறம் இந்த வண்டியில் ஏறவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, இதுதான் கடைசி.

அந்த நேரம் பார்த்துக் கிளட்ச் மக்கர் செய்தது. லீவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி தானாக முன்னால் நகர்ந்தது. இந்த ஓட்டத்துக்குக் கிளட்ச்தான் உயிர்; ஒற்றை விரலால் வண்டியை அங்குலம் அங்குலமாக விட வேண்டும். புது கிளட்ச் பிளேட் வாங்கினால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் உலை வைக்க முடியாது. அதனால் பழைய பிளேட்டுகளைக் கழற்றி, அவற்றில் ஒட்டியிருக்கும் தக்கைத் துண்டுகளுக்கு நடுவே வழிந்து காய்ந்திருந்த பசையை உடைந்த ஹாக்ஸா பிளேடால் சுரண்டினான். ஆயில் ஓட வழியில்லாமல் பிளேட்டெல்லாம் ஒட்டிக்கொள்கிறதாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை, முட்டியை நீட்டிச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அதே வேலை. அண்ணி அவன் காலைத் தாண்டித் தாண்டிச் சமைத்தாள். பின் டயரைக் கழற்றித் திருப்பி மாட்டினான்; தேயாத ஓரம் பாறையைப் பிடிக்கும் பக்கம் வந்தது.

கடைசியாக ஆயில். இங்கேதான் நான் வருகிறேன். கார் சர்வீஸ் கடையில் ஒன்பது வருடமாக ஆயில் மாற்றுவது என் வேலை. ஆயிலைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எனக்கு ஒரு கொழுப்பு.

“இருக்கறதுலயே மலிவான பைக் ஆயில் ஒரு பாட்டில் வாங்கிட்டு வா, போதும்” என்றான் அண்ணன்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கடைசித் தடவை ஓட்டப் போகிறவனுக்கு மலிவு ஆயிலா? பெரிய கார்களுக்கு ஊற்றும் உசத்தியான ஆயிலின் மிச்சத்தை முதலாளியிடம் கெஞ்சி வாங்கி, ஒரு பழைய பைக் ஆயில் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். விரலில் தேய்த்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். காரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே இருக்கிறது. இந்த பைக்கில் அது ஆயிலுக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. அதற்கு அந்த வழுக்கல் விஷம்; பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காது. பிளேட்டிலிருந்து ஆயில் சொட்டுவதை இரண்டு ஞாயிறும் பார்த்தவள்தான் நான். என் மூளை எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

வாசலில் ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. சூடேறின பிறகுதான் அது பல்லைக் காட்டும்.

போட்டியன்று முதல் ரவுண்டில் அண்ணன் ஒரு தடவைகூடக் கால் ஊன்றவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்க் போடுகிறவரிடம் போய், “ஆயில் நான் போட்டது. அண்ணனுக்கே தெரியாது, எவ்வளவு உசத்தி தெரியுமா?” என்று அளந்தேன். அண்ணன் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

பெரிய பாறை கடைசி ரவுண்டில் வந்தது. அண்ணன் முக்கால்வாசி ஏறினான். அங்கே இன்ஜின் அலறியது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்னால் சரிந்தது. வலது காலை ஊன்றினான், முட்டி உள்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆபரேஷன் பெரிதாகிவிட்டது. இனிமேல் கம்பு இல்லாமல் நடக்க முடியாது என்றார்கள். ஒரு வாரம் கழித்து, என்ன ஆச்சு என்று பார்க்க, அவனால் குனிய முடியாது என்று நானே கிளட்ச் மூடியைத் திறந்தேன். பிளேட்டைத் தொட்டதும் விரல் வழுக்கியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையைக்கூடத் துடைக்காமல் அவன் கட்டிலுக்குப் போனேன்.

“அண்ணா, அது கார் ஆயில். அதனாலதான் வழுக்குச்சு.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“முதல் ரவுண்டு முடியறப்பவே. பிடிப்பு குறைஞ்சுது.”

“அப்பவே மாத்தியிருக்கலாமே! யார்கிட்ட கேட்டாலும் ஒரு பாட்டில் குடுத்திருப்பாங்களே!”

“குடுத்திருப்பாங்க. நீதான் மார்க் போடறவர்ல இருந்து டீ விக்கிறவர் வரைக்கும் சொல்லிட்டு வந்தியே. அத்தனை பேர் முன்னாடி அதை எப்படிடி வடிச்சுக் கொட்டுறது?”

வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். என் வாய்ச்சவடாலைக் காப்பாற்ற முட்டியைக் கொடுத்திருக்கிறான், மடையன். கட்டுப் போட்ட காலோடு படுத்திருப்பவனை எங்கே அடிப்பது? அழுகைதான் வந்தது.

“நீ சொன்ன மலிவு ஆயிலையே போட்டிருந்தா ஏறியிருப்பியா?” என்று கேட்டேன். இல்லை என்று சொல்லிவிடுவான் என்றுதான் கேட்டேன். சின்ன வயதிலிருந்து எனக்காக எத்தனையோ பொய் சொன்னவன் அவன்.



“ஏறியிருப்பேன்டி” என்றான்.