கல்லுக்குள் ஒரு கை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் வீட்டுத் தறி ரூமிலிருந்து வேகமாக வெளியே வந்து கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அஞ்சு நாள், தனியாக உள்ளே போகவே இல்லை.

உள்ளே என்ன, பேயா இருக்கிறது? இல்லை. மீன் தொட்டி இருக்கிறது. அதற்கா இத்தனை பயம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்... எட்டு மாதத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

தறிகளை விற்ற பிறகு அந்த ரூம் சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற ரூமும் சும்மா இருக்கிற மனிதரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒருநாள் காலை, காபி டம்ளரோடு அங்கே போய் நின்ற என் வீட்டுக்காரர், தரையைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, நாலு தறி ஓடுன தரை. ஒண்ணரை டன் தாங்கும்லா?”

“எதுக்கு?”

“கடல் வைக்கப் போறேன்.”

விளையாட்டு என்றுதான் நினைத்தேன். மதுரையிலிருந்து கண்ணாடி வந்து இறங்கியபோதுதான் நிஜம் என்று புரிந்தது. ஆறடி நீளம், இரண்டரை அடி உயரம்! ஸ்டாண்டுக்கு அளவெடுக்க வந்த வெல்டிங் பட்டறைக்காரர், “அண்ணாச்சி, இதுல மீன் வளக்கப் போறியளா, மாடு கட்டப் போறியளா?” என்று கேட்டார்.

பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சின்னத் தொட்டி. மேலே உள்ள தண்ணீர் வழிந்து கீழே வந்து, அழுக்கை விட்டுவிட்டு, பம்பு வழியாக மறுபடி மேலே போகும். அலை அடிக்க ஒரு மோட்டார். நம் ஊர் வெயிலில் கடல் கொதித்துப் போகாமலிருக்க ஒரு சில்லர். கரண்ட் போனாலும் இதெல்லாம் ஓட ஒரு இன்வெர்ட்டர் — நான் மிக்ஸிக்காகக் கேட்டபோது ‘எதுக்கு வீண் செலவு’ என்று தள்ளிப்போட்ட அதே இன்வெர்ட்டர்.

தண்ணீர்க் கதைதான் வேடிக்கை. எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. அந்த உப்பை எடுக்க ஆர்.ஓ. மெஷின் மாட்டினார். ஆறு நாள் உட்கார்ந்து ஆயிரம் லிட்டர் பிடித்தார். அப்புறம்? அதில் பை பையாக உப்பைக் கொட்டிக் கலக்கினார்! “அது வேற உப்பு, இது வேற உப்பு” என்று எனக்கு விளக்கம் வேறு. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற தெரு எங்களுடையது. ஜன்னலைச் சாத்தி வைத்தேன்.

கடல் ரெடி. கல் வேண்டும். நிஜப் பவளப்பாறையைக் கடலிலிருந்து எடுக்கக் கூடாது, சட்டம். என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோதுதான் புளியங்குடிச் செய்தி வந்தது.

புளியங்குடியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, வீட்டில் இதே மாதிரி கடல் தொட்டி வைத்திருந்தார். திடீரென்று நெஞ்சுவலி, போய்விட்டார். மகன் கோயம்புத்தூரில். அம்மா ஒற்றை ஆளாக எப்படிப் பராமரிப்பார்? கல், மீன், லைட் எல்லாவற்றையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மகன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார். இவர் மறுநாளே வேனோடு போய் நின்றார்.

கற்கள் டிரம்மில், பழைய தொட்டித் தண்ணீரில் மூழ்கியபடி வந்தன.

“கல்லுக்கு எதுக்குங்க இத்தனை சீரு?”

“கல்லுக்குள்ளதான்ட்டி உயிரே இருக்கு. அதுல இருக்க பாக்டீரியாதான் தண்ணிய சுத்தமா வைக்கும். வெளிய எடுத்துக் காய வெச்சா அம்புட்டும் செத்துரும்.”

அவ்வளவு கல்லும் அந்த அண்ணாச்சி தன் கையால் செய்தவை. சிமெண்டில் சிப்பித் தூளும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து, காயவைத்து, மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டவை. உப்பு கரைந்த இடமெல்லாம் ஓட்டை. மேலே பச்சைப் புல் மாதிரி ஒரு பவளம் படர்ந்திருந்தது. மீன்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி எனக்கே பிடித்திருந்தது. வாயால் சொல்லவில்லை, சொன்னால் இன்னொரு தொட்டி வாங்கிவிடுவார்.

பத்து நாள் போயிருக்கும். அவர் வெளியே போயிருந்தார். கண்ணாடி துடைக்கிற காந்தம் கழன்று பெரிய கல்லுக்குப் பின்னால் விழுந்துவிட்டது. எடுத்துப் போடலாம் என்று ஸ்டூலில் ஏறி, தோள் வரை கையை விட்டுத் துழாவினேன்.

என் விரல்கள் அஞ்சும் அஞ்சு குழிக்குள் போய் உட்கார்ந்தன.

சும்மா ஓட்டை இல்லை. உள்ளங்கை இருக்கிறது. கட்டைவிரல் இருக்கவேண்டிய இடத்தில் கட்டைவிரல். மோதிர விரல் மட்டும் பாதியில் முட்டி நின்றது. தண்ணீருக்கடியில் யாரோ நீட்டிய கையை நான் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. வெளியே அப்படி வெயில், உள்ளே அந்தக் கை ஜில்லென்று... உருவிக்கொண்டு இறங்கியதில் பாதிக் கடல் தரையில்.

வீட்டுக்காரர் வந்து பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக டார்ச் அடித்தார். அடிக்கல்லின் ஓரத்தில், பச்சைக்கு நடுவே, ஒரு வலது கை. ஈர சிமெண்டில் அழுத்திப் பதித்த கை.

“கல்லத் தூக்கும்போது பதிஞ்சிருக்கும்ட்டி.”

“அஞ்சு விரலையும் இப்படி விரிச்சு வெச்சா தூக்குவாங்க?”

டார்ச்சை அணைத்துவிட்டார்.

அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை, அதற்குப் பிறகோ அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு லைட் தானாக நீலமாக மாறும். அந்த டைமும் அண்ணாச்சி வைத்தது, நாங்கள் மாற்றவில்லை. நீலம் வந்ததும் அந்த ஆரஞ்சு ஜோடி எங்கே இருந்தாலும் நீந்தி வந்து, அந்த உள்ளங்கைக்குள் படுத்துக்கொள்ளும். ஆறடிக் கடலில் படுக்க வேறு இடமா இல்லை?

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சியின் மனைவி முத்துலட்சுமி அக்கா வந்தார். எங்கள் ஊர்க் கோயிலுக்கு வந்தவர், அப்படியே வீட்டைத் தேடி வந்திருக்கிறார்.

“மீனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் தங்கச்சி.”

கையைப் பற்றி நாங்கள் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்வது? அக்கா தொட்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் நின்றார். நின்றவர் நகரவில்லை.

“மோதிர வெரலு பாதி...” என்றார். “கடையில மோட்டார் பெல்ட்டுல மாட்டித் துண்டாப் போச்சு. எங்களுக்குக் கல்யாணமான வருசம்.”

“கைய விடலாமா தம்பி?” என்று கேட்டார். வீட்டுக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டார். அக்கா கை சின்னது. அந்தப் பள்ளத்துக்குள் முழுசாக அடங்கிவிட்டது.

“ஒரு ஞாயித்துக்கெழம பூரா மாடியில சிமிண்டு பெசஞ்சாரு. சாப்பிட வாங்கன்னு கூப்புட்டா, கல்லு காயட்டும், கல்லு காயட்டும்னாரு. இதத்தான் செஞ்சிட்டிருந்திருக்காரு...”

அக்கா அழவில்லை. நான்தான் அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே ஓடினேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். பச்சைப் பவளம் பரவிக்கொண்டே இருக்கிறது, ஆறு மாதத்தில் அந்தக் கையை மூடிவிடும். வாரம் ஒருமுறை தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வளராது. ஒரு புது டூத்பிரஷ் வாங்கி, பாக்கெட்டைக்கூடப் பிரிக்காமல் தொட்டி மூடி மேல் வைத்தார்.

அக்கா பிரஷ்ஷைத் தொடவே இல்லை. வெள்ளிக்கு வெள்ளி பஸ் ஏறி வந்து, விரலாலேயே தேய்த்தார். உள்ளங்கை, கட்டைவிரல், ஒவ்வொரு விரலாக, கடைசியில் அந்தப் பாதி விரல். பத்து நிமிஷம். அப்புறம் ஒரு டம்ளர் காபி. பிறகு பஸ். எனக்கும் பயம் மெல்லப் பழகிப்போனது.

மூன்று வாரம் முன்பு வந்தபோது, காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறாராம். வீட்டைக் காலி செய்கிறார்களாம்.

“அந்தக் கல்ல எனக்குத் தாங்க தம்பி” என்றார். “அவரு போட்டோ வீட்டுல இருக்கு. போட்டோவத் தொட்டா கண்ணாடிதான இருக்கு?”

வீட்டுக்காரர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அது அடிக்கல். மற்ற எல்லாக் கல்லும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பாதி உயிர் அதற்குள்தான். ஆனாலும் மனிதர் தயங்கவில்லை.

“உங்க கல்லு அக்கா. எடுத்துக்கோங்க.”

அக்கா போன பிறகு கேட்டேன். “எடுத்துட்டா மீனெல்லாம் என்னங்க ஆகும்?”

“தெரியலட்டி” என்றார். எட்டு மாதத்தில் அந்தத் தொட்டியைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த வெள்ளி அக்கா வரவில்லை. சாமான் கட்டுகிற வேலை. பச்சை, ஓரத்திலிருந்து நகர்ந்து, கட்டைவிரல் நுனியை மூடியிருந்தது. போன வெள்ளியும் வரவில்லை. தரை துடைக்க நாலு மணிக்கு உள்ளே போன நான், எவ்வளவு மூடியிருக்கிறது பார்ப்போம் என்று குனிந்தேன்.

கை சுத்தமாக இருந்தது.

கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அந்தப் பாதி விரல் உட்பட அஞ்சு விரலும் அப்படியே துடைத்து வைத்தது போல. மூடி மேல் டூத்பிரஷ்... பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“ஏங்க! நீங்க தேச்சியளா?”

கூடத்திலிருந்து பதில் வந்தது: “எடுக்கப் போற கல்லத் தேச்சு என்ன செய்ய? நான் கையே விடல.”

அப்போதுதான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

செவ்வாய்க்கிழமை அக்கா வந்தார், கையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளியோடு. வீட்டுக்காரர் பம்புகளை ஒவ்வொன்றாக அணைத்தார். எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. சட்டையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டவர், “ஆ!” என்று உருவிக்கொண்டார்.

“கடிச்சிட்டு!”

“என்னது?” என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அந்த ஆரஞ்சு மீன்தான். கல்லுக்கு முன்னால் நின்று, விரல் நீளம்கூட இல்லாத அது, எங்கள் மூன்று பேரையும் முறைத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் டார்ச்சை அடித்தார். உள்ளங்கைப் பள்ளத்தில் மணி மணியாக முட்டைகள். நூறு, இருநூறு இருக்கும்.

“அதான்! முட்டை போடதுக்கு முன்னால மீனு அந்த எடத்தக் கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணும்ட்டி. அதுதான் பச்சையத் தின்னுருக்கு!”

அப்பாடா! எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருக்கத்தான் செய்கிறது. நான்தான் இல்லாததையும் பொல்லாததையும் நினைத்துக்கொண்டு...

அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இப்ப கல்ல எடுத்தா?”

“முட்டை போயிரும் அக்கா.”

அக்கா வாளியை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தார்.

“பம்பப் போடுங்க தம்பி. கை நெறைய வெச்சிருக்காரு. அதப் போயிப் புடுங்கவா?”

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “நீங்க கோயம்புத்தூர் போயிட்டா, யாருக்கா தேய்க்க? மூடிருமே...”

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, வருத்தமில்லை. ஒரு சின்னச் சிரிப்பு.

“ரெண்டு வாரமா நானா வந்து தேச்சேன்?”

மீனைத்தான் சொன்னார். வேறு யாரைச் சொல்லப் போகிறார்? நாலேகால் பஸ்ஸுக்குப் போய்விட்டார். வாளி இங்கேயே இருக்கிறது.

இன்று காலை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு தனியாக உள்ளே போனேன். முட்டைகளுக்குக் கண் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளிப் புள்ளி. அந்த உள்ளங்கையிலிருந்து அத்தனை கண்ணும் என்னைப் பார்த்தன. நானும் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க, ஒரு கேள்வி வந்தது.

முட்டை இருப்பது உள்ளங்கையில் மட்டும்தான். விரல்களில் ஒன்றுகூட இல்லை. பிறகு ஏன் அஞ்சு விரலும், அந்தப் பாதி விரல் கடைசி வரைக்கும், அக்கா தேய்த்த மாதிரியே சுத்தமாக இருக்கின்றன?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “அதுவும் மீனாத்தான் இருக்கும்ட்டி” என்றார்.

சரி, மீன்தான். நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன்... ஆனாலும் இனி தறி ரூமுக்குள் போகும்போது வாசலில் நின்று லேசாக ஒரு இருமல் இருமிவிட்டுத்தான் போவேன் — ஆம்பளையாள் இருக்கிற ரூம் இல்லையா!