இரண்டு லைன், ஒரே கம்பம்

இன்ஜினியரிங் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது. அங்கே எடுக்கும் ஸ்கேனை விழுப்புரத்திலிருக்கும் டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்து ரிப்போர்ட் அனுப்புவார். இன்டர்நெட் நிற்கவே கூடாதென்று இரண்டு கம்பெனிகளிடம் தனித்தனி லைன் வாங்கினேன். என் பிளானில் ஒன்று நீலக் கோடு, இன்னொன்று சிவப்பு. அவ்வளவு பெருமை எனக்கு!

ஒரு மதியம் சென்டரிலிருந்து போன் வந்து ஓடினேன். கரும்பு டிராக்டர் ஒன்று தெருமுனையில் தாழத் தொங்கிய ஒயர்களை அறுத்துக்கொண்டு போயிருந்தது. இரண்டு லைனையும் ஒரே கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். நான் அண்ணாந்து பார்த்ததே இல்லை.

உள்ளே, பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு பெரியவர். அவருடைய ஸ்கேன் போகாமல் நின்றிருந்தது.

“ஏம்மா, ஒண்ணு போனா இன்னொண்ணு தானா வந்துரும்னு சொல்லிக்கினு இருந்தியே, எங்கம்மா அது?” என்று கத்தினார் ஓனர்.

“அக்கா, ஜல்தி எதுனா பண்ணுக்கா” என்று அழுதாள் பெரியவரின் மகள்.

மொபைல் வழியாக அனுப்பிப் பார்த்தேன், அவ்வளவு பெரிய ஃபைல் நகரவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கே கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டார். தாமதமானதால் வலது கைதான் விளங்காமல் போய்விட்டது.

இப்போதெல்லாம் பிளான் போடுவதற்கு முன், ஒவ்வொரு ஒயரும் எந்தக் கம்பம் வழியாக வருகிறதென்று தெருத்தெருவாக நடந்து பார்க்கிறேன். அந்தப் பெரியவருக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.