அமானியும் அமானிதமும்

பழைய கம்ப்யூட்டர் பைத்தியத்தை என் அண்ணனுக்குப் பிடிக்க வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் எடுத்துப் போடுகிற வீடியோக்களைப் பார்த்தவர்கள் அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போகட்டும், அந்தப் பெருமை அவனிடமே இருக்கட்டும் என்று வெகுநாள் விட்டுவைத்திருந்தேன். இப்போது அதையும் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

நான் தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். எங்கள் மாடியறை முழுவதும் டிவியோடு சேர்த்து ஓட்டும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள். கீபோர்டும் மற்ற எல்லாமும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். புரோகிராமைச் சாதாரண ஆடியோ கேசட்டில் பதிந்து வைப்பார்கள். டேப்ரிக்கார்டரை ஓடவிட்டால் காதைப் பிராண்டுகிற மாதிரி ஒரு கீச்சொலி வரும், அந்தச் சத்தம்தான் புரோகிராம். என் வீட்டுக்காரர் அந்த அறையைக் காயலான் கடை என்பார். ஆனால் ஏதாவது ஒரு பெட்டி உயிர்பெற்று டிவியில் நீலத்திரை வந்துவிட்டால், முதல் ஆளாக வந்து உட்கார்ந்து விளையாடுவதும் அவர்தான்.

அண்ணன் திருத்துறைப்பூண்டியில் சிசிடிவி கேமரா மாட்டும் வேலை செய்கிறான். நல்ல கை. அவன் ஈயம் வைத்தால் நெல்மணி மாதிரி உருண்டு நிற்கும். நான் வைத்தால் பறவை எச்சம் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு தகராறு எப்போதும் உண்டு. ஒரு பெட்டி எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப எழுந்திருக்க வேண்டும் எனக்கு. அவனுக்கு அது போதாது. "நல்லாத்தான் இருக்கு பாப்பா, இன்னும் கொஞ்சம் ஏதாவது பண்ணலாம்ல?" என்பான். கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்டு மூக்கை மாற்றலாமா என்று கேட்கிற ஆள் நீ என்று கிண்டல் செய்வேன். சிரிப்பான். அவன் பெட்டியை அவன் மாற்றுவான், என் பெட்டியை நான் மாற்றாமல் வைத்திருப்பேன். அதனால் ஒரு வம்பும் வந்ததில்லை.

நான் சொல்ல வந்த பெட்டி எங்கள் இருவருடையதும் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சருக்குச் சொந்த ஊர் அதிராம்பட்டினம். ஸ்டாஃப் ரூமில் ஒருநாள் என் போனில் இருந்த பெட்டிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார். "இது மாதிரி எங்க வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கு டீச்சர். வாப்பா சபர்லேர்ந்து வந்தப்போ கொண்டாந்தது," என்றார். அவர் ஊரில் அரபு நாட்டுக்குப் பிழைக்கப் போவதைத்தான் சபர் என்கிறார்கள். எல்லார் வாப்பாவும் சென்ட்டும் போர்வையும் கொண்டுவந்தபோது இவருடைய வாப்பா மட்டும் கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினாராம். உம்மா அதற்காக அவரிடம் பேசாமல் இருந்தாராம்.

வாப்பா அதில் மகளுக்காக ஒரு வாய்ப்பாட்டுப் புரோகிராம் எழுதினார். ஏழு எட்டு எவ்வளவு என்று திரை கேட்கும். சரியாகச் சொன்னால் சபாஷ். தப்பாகச் சொன்னால், 'தப்பு புள்ள, விரல் விட்டு எண்ணு' என்று ஆங்கில எழுத்தில் தமிழ் வரும். வீட்டில் எப்படிப் பேசுவாரோ அப்படியே எழுதியிருந்தார். அடுத்த சபரில் அங்கேயே மவுத்தாகிவிட்டார், ஊருக்குத் திரும்பவே இல்லை. பெட்டி பரணுக்குப் போனது, மகள் கணக்கு டீச்சர் ஆனார்.

"விடாம தப்புத் தப்பா அடிச்சுக்கிட்டே இருந்தா, கடைசியா ஒண்ணு வரும் டீச்சர். பெருசா, ஸ்கிரீன் முழுக்க. அதைப் படிக்கிறதுக்குன்னே தப்பா அடிப்பேன். படிச்சுட்டு உம்மாகிட்ட ஓடுவேன். ஆனா அது என்னன்னு மட்டும் ஞாபகம் வரமாட்டேங்குது, உம்மாவுக்கும் தெரியல. எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன்." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அதிராம்பட்டினம் போனேன். வயிறு முட்டச் சோறு போட்ட பிறகுதான் பெட்டியைக் கண்ணில் காட்டினார்கள். ஒரு கைலியில் சுற்றியிருந்தது. ஒவ்வொரு விசையிலும் ஆங்கில எழுத்தும் பக்கத்தில் அரபு எழுத்தும். கூடவே ஒரு கேசட். டீச்சர் இரண்டையும் என் கையில் வைத்து, "இது அமானிதம் டீச்சர்," என்றார். அந்த வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவரே விளக்கினார். ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தது கொடுத்தபடி உடையவர் கைக்குத் திரும்ப வேண்டும். அதுவரை வாங்கினவர் காவல்காரர்தான், சொந்தக்காரர் இல்லை. பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

உள்ளே திறந்தால் கடற்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. போர்டு பச்சை பூத்திருந்தது, கண்டென்சர்கள் கசிந்திருந்தன, விசைகளுக்கு அடியில் கறுப்பு ரப்பர் பிசுபிசுத்துக் கிடந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷும் ஸ்பிரிட்டுமாகச் சாயங்காலங்கள் போயின. வெளிப்பெட்டி மஞ்சளித்திருந்தது. பார்லரில் முடிக்குப் பூசும் பெராக்சைடு கிரீமைத் தடவி மொட்டைமாடி வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், மற்ற பெட்டிகளுக்கு அப்படித்தான் செய்வேன். இதற்குச் செய்யவில்லை. அந்த மஞ்சளும் அவர்கள் வீட்டுடையது. கடைசியில் ஒருநாள் பழைய ட்யூப் டிவியில் படம் வந்தது. என் கேசட் ஒன்றைப் போட்டு ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. டீச்சருடைய கேசட்டை நான் தொடவில்லை. வாப்பா எழுதியதை முதலில் படிக்க வேண்டியவர் அவர். நான் யார் நடுவில்?

ஒரே ஒரு குறை. அவர்கள் வீட்டில் இருப்பது புது டிவி. இந்தப் பெட்டியின் படத்தை அது வாங்காது. போர்டிலிருந்து வீடியோவுக்குத் தனியாக ஒரு வயர் இழுக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் என் பறவை எச்சத்தை அந்தப் போர்டில் வைக்க மனசு வரவில்லை. நல்ல கை யாரிடம் இருக்கிறது? அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"அண்ணே, வயர் மட்டும் இழுத்துக் குடு. வேற எதையும் தொடாத. அந்தக் கேசட்ட ஓட்டாத. அவங்கதான் முதல்ல பாக்கணும். இதை அமானிதம்னு சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ஒரு வயருக்கு இவ்வளவு பத்திரமா?" என்றான். "சரி பாப்பா, நீ போ. நான் பாத்துக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை டீச்சரை என் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். உம்மாவுக்குக் காட்டுவதற்கு முன் தான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவரே கேட்டிருந்தார். அண்ணன் பையோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பெட்டியை மேசையில் வைத்து ஸ்விட்சைப் போட்டான். விசைகளுக்கு அடியிலிருந்து சிவப்பும் பச்சையும் ஊதாவுமாக விளக்குகள் ஓடத் தொடங்கின. மண்டப வாசலில் கட்டுகிற சீரியல் லைட் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தன.

பழைய பெட்டி சூடேறித் திரை வருவதற்குச் சற்று நேரம் எடுக்கும். இது பொசுக்கென்று வந்தது. பளிங்கு மாதிரி படம். அழகான தமிழ் எழுத்தில் 'வாய்ப்பாடு விளையாட்டு' என்று தலைப்பு. கேசட்டைப் போடவே தேவையில்லை என்றான் அண்ணன். "பழைய போர்ட எடுத்துட்டேங்க. உள்ள புதுசா குட்டி போர்டு ஒண்ணு வச்சிருக்கேன். இனிமே ரிப்பேரே வராது. உங்க வாப்பா புரோகிராமயும் தமிழ்லயே மாத்திட்டேன். எப்படி இருக்குங்க?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏழு எட்டு எவ்வளவு என்று திரை கேட்டது. அவர் ஒன்று என்று அடித்தார். 'தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்.' மறுபடி ஒன்று. 'தவறான விடை. மீண்டும் முயற்சிக்கவும்.' மறுபடியும். எதற்காக அடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது, அவன் "ஐம்பத்தாறுங்க" என்று எடுத்துக் கொடுத்தான். அவர் அடித்துக்கொண்டே இருந்தார். திரையும் பேங்க் மிஷின் மாதிரி அதையே சொல்லிக்கொண்டே இருந்தது.

"எங்க வாப்பா இப்படிப் பேச மாட்டாங்க," என்றார் டீச்சர். குரல் உயரவில்லை.

கேசட் இருக்கிறது டீச்சர், அதைப் போட்டால் பழையபடி வரும், வேறு பெட்டியில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று படபடத்தேன். அவர் கேசட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்து என்னிடம் நீட்டினார். பதிந்ததை யாரும் அழித்துவிடக் கூடாது என்றால் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் சின்னக் காதை உடைத்துவிடுவார்கள். வாப்பா உடைத்திருந்தார். அந்த ஓட்டையின் மேல் புத்தம் புதிய செல்லோடேப் ஒட்டியிருந்தது. பாட்டுக் கேசட்டின் மேல் வேறு பாட்டுப் பதிய எங்கள் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்த வேலை. அண்ணனைப் பார்த்தேன்.

"புது போர்டு கேசட்ல பதியுதான்னு பாக்கணும்ல? கையில வேற கேசட் இல்ல," என்றான்.

டீச்சர் எழுந்தார். கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார், "இது எங்களுது இல்ல டீச்சர். நீங்களே வச்சுக்கங்க." வாசல் வரை போனேன். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஆட்டோவில் ஏறினார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

உள்ளே வந்து, பழைய போர்டு எங்கே என்று கேட்டேன். இந்த மாதிரிப் பெட்டி வைத்திருக்கும் யாரோ ஒரு வெளியூர்க்காரருக்கு அனுப்பிவிட்டானாம். அவர்தான் பதிலுக்குக் குட்டி போர்டைக் கொடுத்தாராம். வீடியோவும் எடுத்துப் போட்டாயிற்று. 'எங்க வீட்டுப் பரண்ல கிடந்த பெட்டி' என்று ஆரம்பித்திருக்கிறான். எங்கள் வீட்டுக்குப் பரணே கிடையாது.

"அமானிதம்னு சொன்னேனே அண்ணே?"

"அமானின்னுதான் பாப்பா என் காதுல விழுந்துச்சு. அமானின்னா என்ன? யாருக்கும் பாத்தியதை இல்லாதது. சும்மா கிடக்கறத எடுத்து நாலு பேரு பாக்கற மாதிரி ஆக்கினேன். அது தப்பா?"

இந்த இடத்தில்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எங்கள் ஊரில் யார் பேரிலும் பட்டா இல்லாமல் சர்க்கார் கையில் கிடக்கும் நிலத்தை அமானி என்பார்கள். வாய்க்கால் கரையோரம் அப்படியொரு அமானி மண்ணில்தான் அப்பா குடிசை போட்டார். பண்ணை வேலைக்குப் போய்வந்த அம்மாவும் அவரும் மண் சுமந்து மேடாக்கின இடம். பட்டா வருவதற்கு முன்னால், இது உங்களுடையதா என்று வருகிறவன் போகிறவனெல்லாம் கேட்டிருக்கிறான். வார்த்தை மாறிக் காதில் விழுந்தது என்று வேறு யார் சொன்னாலும் நம்பியிருப்பேன். அமானி எது, அடுத்தவன் வீடு எது என்று எங்கள் இரண்டு பேரையும் விட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே கிடையாது. அதைத்தான் அவனிடம் கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அப்பா போட்ட குடிசையை வைத்தா நீ பொய் சொல்கிறாய் என்று கேட்டேன். வீட்டுக்காரர் வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். விளக்குகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. எழுந்து பிளக்கைப் பிடுங்கினேன். இதற்கு மேல் கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. வாப்பா எழுதியதைக் கடைசியாகக் கண்ணால் பார்த்த ஆள் இவன்தான். குரலைத் தணித்துக்கொண்டு, கெஞ்சுகிற மாதிரியேதான் கேட்டேன்.

"அண்ணே, நீ மாத்துறதுக்கு முன்னாடி பழசப் பாத்தேல்ல? தப்புத் தப்பா அடிச்சா கடைசியில ஒண்ணு வரும். பெருசா. அது என்னன்னு சொல்லு போதும். நான் அவங்ககிட்டப் போய்ச் சொல்லிடறேன்."

அவன் நிஜமாகவே யோசித்தான்.

"ஆமா, கடைசியில நீளமா ஏதோ இருந்துச்சு. தமிழ் எழுத்துல போட்டா ஸ்கிரீனுக்குள்ள அடங்காதுன்னு எடுத்துட்டேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"படிக்கல பாப்பா."