கர்ச்சீப் போட்ட சீட்டு

ஆறு வருஷமா, காலையில சிதம்பரத்துல பஸ் ஏறினதும் பக்கத்து சீட்டுல கர்ச்சீப்பைப் போட்டுருவேன். புவனகிரியில கலைச்செல்வி ஏறுவாங்க. மஞ்சக்குப்பத்துல ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ்.

ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கிட்டு என் போன்ல ஜப்பான் அனிமே பார்ப்போம். நாப்பதைத் தொட்டவங்களோட காதல் கதை. எத்தனை எபிசோடு போனாலும் ஹீரோ காதலைச் சொல்ல வாயே திறக்கமாட்டான். கோழைப் பயன்னு நான் திட்டிக்கிட்டே வருவேன்.

"அவன் இடத்துல நீங்க இருந்தா?" ஒருநாள் கேட்டாங்க.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

என் முகத்தையே பார்த்தாங்க. மேல சாயுற கூட்டம், எழுந்து ஓடவும் வழியில்ல. ஆறு வருஷப் பேச்சு தொண்டை வரைக்கும் வந்துச்சு.

"அடுத்த எபிசோடு போடவா?"ன்னு கேட்டேன்.

அவங்களுக்குக் கல்யாணமாச்சு. லீவு முடிஞ்ச அன்னைக்குப் புவனகிரி ஸ்டாப்புக்கு வீட்டுக்காரர்தான் பைக்குல கொண்டாந்து விட்டார். ஜன்னல் வழியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க அண்ணன் மாதிரின்னு செல்வி சொல்லுச்சு. தெனமும் சீட்டு போட்டு வைங்க மச்சான்"னார்.

அவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஏறினாங்க.

"சரிங்க மாப்ள"ன்னுட்டேன்.

இன்னைக்குக் காலையிலயும் கர்ச்சீப் போட்டேன். அந்த ஹீரோவைத் திட்டுறதை மட்டும் விட்டுட்டேன்.