எல்ஸ்பெத் சொல்லாதது

ஐஸ் லாரிக்காரன் சொன்னானாம், ரொட்டிக்கடைக்காரி கேட்டாளாம். பக்கத்து வீட்டு மோராக் அதை வேலியோரம் நின்று எல்ஸ்பெத்திடமே சொன்னாள்.

"உன் தம்பியை நீதான் கிளைப் பண்ணிட்டேன்னு பேசிக்கிறாங்க. நான் நம்பல, சும்மா காதுல போட்டு வைக்கிறேன்."

நம்பாதவள் மறுநாளிலிருந்து வேலியோரம் துணி காயப்போடவில்லை.

'கிளைப்' அந்த ஸ்காட்லாந்துக் கரையின் பழைய சொல். நம்மவரை வாத்தியாரிடமோ அதிகாரியிடமோ காட்டிக்கொடுப்பது. பொய் சொன்னால் அதற்கு வேறு பெயர் உண்டு. கிளைப் பண்ண, சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். அதனால்தான் மன்னிப்பும் கிடையாது. செய்த காரியத்துக்கும் செய்தவளுக்கும் ஒரே சொல். பள்ளிக்கூடத்தில் ஒட்டினால் சவப்பெட்டி வரை கூட வரும்.

அரசு அனுமதித்த அளவுக்கு மேல் பிடித்த ஹாடக் மீனைத் தம்பி ஆண்ட்ரா திருட்டுத்தனமாக இறக்கியது துறைமுகத்துக்கே தெரியும். எல்லாரும்தான் இறக்கினார்கள். மாட்டியது அவன் மட்டும். படகின் உரிமம் போயிற்று.

காட்டிக்கொடுத்தது அவன் மகன் ஃபிண்ட்லே. படகு ஆட்கள் முன்னால் அப்பா அறைந்த ஆத்திரம். மீன்வள அதிகாரியின் காரிலிருந்து அவன் இறங்கியதை எல்ஸ்பெத் பார்த்துவிட்டாள்.

"அத்தை, என்னைக் கிளைப் பண்ணிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த வாரமே நார்வேக்கு வேலைக்குப் போய்விட்டான்.

மீன் வெட்டும் கூடத்தில் முப்பது வருடமாக அவளோடு தோள் உரச நின்ற பெண்கள் தள்ளி நின்றார்கள். "பாத்துப் பேசுங்கடி, இங்க சுவருக்கு மட்டுமா காது இருக்கு" என்றாள் ஜெஸ்ஸி. எல்ஸ்பெத்தின் டீக் கோப்பை ஜன்னலுக்கு வெளியே மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் உள்ளே கூப்பிடவில்லை.

"ஆண்ட்ரா, பள்ளிக்கூட ஜன்னலை நீ உடைச்சே. வாத்தியார்கிட்ட வாரால அடி வாங்கினது நான். அப்ப வாயைத் திறந்தேனா?"

"இல்லக்கா. இப்பத் திற. நீ இல்லேன்னா யாருன்னு சொல்லு, நம்பறேன்."

அவன் முகத்தில் நம்ப வேண்டும் என்கிற ஆசை இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொன்னால் அந்த நிமிடமே ஊர் சொன்னது மெய்யாகிவிடும். அவனுக்கு மகனும் இல்லாமல் போவான்.

"சொல்ல மாட்டேன்."

"அப்ப நீதான். உரிமம் இல்லாத படகுன்னு வெள்ளிக்கிழமை அதை உடைக்கிறாங்க. அந்தப் பக்கம் வந்துடாத."

தன் தப்பைத் தானே சொன்னால் அது கிளைப் ஆகாது. அவளால் முடியாததை ஃபிண்ட்லேயால் செய்ய முடியும். 'உங்க அப்பாகிட்ட நீயே சொல்லிடுப்பா.' அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு திங்கள் முதல் தினமும் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இயந்திரம் முதல் பலகையைப் பிளந்த சத்தம் சமையலறைக்குக் கேட்டது. எல்ஸ்பெத் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நார்வேயில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.